நடுப்பெட்டி வேலை எனக்கு வேண்டாம்

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற பழக்கத்தை இந்த ஒரு கடிதத்துக்கு விட்டுவிடுகிறேன். நேற்று காலையில் பெங்களூரிலிருந்து பேசினாய், குரல் கணீரென்று இருந்தது, ஆகவே நீ நலம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். நீ போனை வைத்த பிறகு அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது, அதைக்கூடக் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். திரும்பக் கூப்பிட்டுத் திட்டலாம் என்றால் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசுறேன்" என்பாய். மெயில் அனுப்பினால் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு "ஓகே மா" என்று பதில் போடுவாய். காகிதத்தில் எழுதி அனுப்பினால் தூக்கிப் போட மனசு வராமல் கொஞ்ச நாளாவது பையில் வைத்துக்கொண்டு திரிவாய், என்றைக்காவது முழுசாகப் படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நேற்று நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், உன் வாயிலிருந்து வந்ததுதானா என்று பார்த்துக்கொள். "அப்பா வரலன்னா விடும்மா. பாதபூஜைக்குப் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் உக்கார வச்சுக்கலாம்." தை மாதம் உனக்குக் கல்யாணம். உன்னைப் பெற்றவர் திண்டுக்கல்லில் கல்லுக் குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவரை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய அண்ணன் காலைக் கழுவிவிட்டுத் தாலி கட்டப் போகிறாய். சரி, அப்பாவுக்குப் பதில் பெரியப்பா என்று வைத்துக்கொள்வோம். எனக்குப் பதில் எதற்குப் பெரியம்மா? நான் என்ன தப்பு செய்தேன்? என்னையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறோம் என்று உனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் என் ஆத்திரம். பத்து மாதம் சுமந்த கதையை எடுக்க மாட்டேன், பயப்படாதே. ஆனால் இத்தனை வருடமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் சுமந்த பேச்சுகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

அந்தச் சுமக்கிற வேலையிலிருந்து நான் விலகுகிறேன். அது என்ன வேலை என்பது ஊரில் வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் உனக்குப் புரியும், ஏனென்றால் உன் பிழைப்பே அதுதான். கம்பெனியில் உன்னை நெட்வொர்க் இஞ்சினியர் என்கிறார்கள். அந்த நெட்வொர்க் என்றால் என்ன என்று உனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் கடை வைத்திருந்த உன் அம்மா. அதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மெஷின்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மனிதர்களிடம் மறந்துவிட்டாயே என்ற வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் அந்தக் கடை வெறும் டைப் இன்ஸ்டிட்யூட். சின்னாளப்பட்டியிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் பெண்கள் பஸ்ஸில் வந்து லோயர், ஹையர் என்று தட்டிவிட்டுப் போவார்கள். பிறகு எல்லோரும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்றார்கள். நான் மதுரைக்குப் போய்வந்து கோர்ஸ் படித்தேன். உன் அப்பா பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பட்டறையில் சம்பாதித்ததில் இரண்டு மெஷின் வாங்கினோம், அது நான்காகி எட்டானது. இன்டர்நெட் வந்ததும் 'பிரவுசிங் சென்டர்' என்று போர்டை மாற்றினோம். மெஷின் எட்டு, போன் லைன் ஒன்றுதான். ஒரே ஒரு மெஷினில் மோடம் வைத்தோம். கம்ப்யூட்டரின் பேச்சைப் போன் கம்பியில் போகக்கூடிய சத்தமாக மாற்றுவதும், அந்தப் பக்கத்திலிருந்து வருகிற சத்தத்தைத் திரும்பப் பேச்சாக மாற்றுவதும் மோடத்தின் வேலை. கர்ர், கீச் என்று அது கத்தி ஓய்ந்ததும் வெளியுலகம் திறக்கும். ஆகவே அந்த மெஷின்தான் வாசல். மற்ற ஏழும் உலகத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எட்டையும் ஒன்றோடொன்று சேர்க்க மேசைக்கடியில் ஒரு ஹப் இருந்தது. ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு கேபிள் வந்து அதில் சொருகியிருக்கும். அதற்கு நடுப்பெட்டி என்று பெயர் வைத்தவர் உன் அப்பா.

பிளஸ் ஒன் லீவில் நீ கேபிளுக்குத் தலை மாட்டப் பழகினாய். உள்ளே மெல்லிய எட்டுக் கம்பி. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று ஸ்கூலில் மனப்பாடப் பகுதி ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வரிசைப்படுத்துவாய். ஒரு நிறம் இடம் மாறினாலும் மறுமுனைக்கு எதுவும் போகாது. பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த உன் அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏலே அப்பு, இம்புட்டுக்காணு கம்பி என்னத்தத் தாங்கும்? உருகிராது?" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, இதுல மோட்டார் ஓட்டுற கரண்ட் போகாது. பேச்சுதான் போகும்" என்றாய். "பேச்சுக்கு எதுக்குடா எட்டுக் கம்பி? உங்கம்மா பேச்சுன்னா சரி" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் கேலி செய்தீர்கள். அப்போதெல்லாம் உங்களுக்கு நடுவில் எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிறகு எண் விஷயம். நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. பேச்சு போய்ச் சேர வேண்டுமென்றால் யாருக்கு என்று அந்த எண்ணைப் போட வேண்டும். ஒரு நாள் நீ சோம்பேறித்தனப்பட்டு மூன்றாம் மெஷினில் இருந்ததை அப்படியே பார்த்து நான்காம் மெஷினிலும் அடித்துவிட்டாய். இரண்டுக்கும் ஒரே எண். ஒன்று வேலை செய்தால் மற்றொன்று படுத்துக்கொண்டது. மூன்றில் மில் கணக்கரும் நான்கில் பாலிடெக்னிக் பையனும் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஆள் "என் மெஷின் போச்சு" என்று கத்தினார்கள். அன்றைக்கு நான் உனக்குச் சொன்னேன், ஒருவருக்கு உரிய எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்தால் இரண்டு பேருமே கெடுவார்கள் என்று. தலையாட்டினாய். நேற்று அப்பாவின் இடத்தில் பெரியப்பாவை உட்கார வைக்கலாம் என்கிறாய். என்ன தலையாட்டல் அது என்று இப்போது யோசிக்கிறேன்.

அடுத்து அந்த ஆயுத பூஜை. உனக்கு அதைப் பேசப் பிடிக்காது என்று தெரியும். நான் பேசுவேன். நீ காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த வருடம். ஹப்பைத் தூக்கிவிட்டுப் புதிதாக சுவிட்ச் வாங்கியிருந்தோம். ஹப்புக்கு ஒரு விவரமும் கிடையாது, யாருக்கு வந்த பேச்சானாலும் எல்லா ஓட்டைக்கும் கூவும். சுவிட்ச் அப்படியில்லை. எந்த ஓட்டையில் யார் இருக்கிறார்கள் என்று நினைவு வைத்துக்கொண்டு உரியவருக்கு மட்டும் கொடுக்கும். ஆறாம் மெஷின் ரிப்பேருக்கு மதுரை போயிருந்தது. அதன் கேபிளின் ஒரு முனை பெட்டியில் இருந்தது, இன்னொரு முனை மேசையில் சும்மா கிடந்தது. பட்டறைப் பூஜையை முடித்துவிட்டு உன் அப்பா நம் கடைக்கும் வந்தார். எல்லா மானிட்டரையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேசைக்கடியில் படுத்துத் தூசி தட்டி, தாறுமாறாகக் கிடந்த கேபிள்களை நூலால் கட்டினார். அவர் தொழிலில் திறந்த முனை ஒன்று கிடந்தால் உயிருக்கே ஆபத்து. கிடந்த முனையைப் பார்த்தார், பெட்டியின் கோடியில் காலியாக ஓர் ஓட்டை இருந்ததைப் பார்த்தார், சொருகிவிட்டார். சாமி கும்பிடுகிற நாளில் ஒரு கம்பிகூட அநாதையாகத் தொங்கக் கூடாது என்று அவருக்கு. எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தார் தெரியுமா? நான்கூடப் பாராட்டினேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் உன் சிநேகிதன் ஓடி வந்து, நீ மனுப் போட்டிருந்த கம்பெனியிலிருந்து உனக்கு இன்டர்வியூ கடிதம் மெயிலில் வந்திருக்கிறது, வருகிறேன் என்று மத்தியானத்துக்குள் பதில் போட வேண்டும் என்றான். கடையைத் திறந்தால் ஒரு மெஷினும் பேசவில்லை. பெட்டியில் எல்லா விளக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னுகிறது. நீ மோடத்தைக் கழற்றினாய், போன் ஆபீசுக்குப் பேசினாய், வாசல் மெஷினில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாய். கடை நிறைய ஆள். உன் அப்பா புது வேட்டியோடு ஓரமாக நின்று, "என்னப்பு, பீஸு போயிருச்சா? செத்த நேரம் நான் பாக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நடந்தது என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை நாளைக்கு உன் மனைவியும் படிப்பாள். ஒரு மெஷின் இன்னொரு மெஷினைத் தேடும்போது, "இந்த எண் யாரு?" என்று முதலில் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்கும். அந்த மாதிரிப் பொதுக் கேள்வியை சுவிட்சும் எல்லா ஓட்டைக்கும் அனுப்பித்தான் ஆக வேண்டும். ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதே பெட்டியில் இருந்தால், இந்த ஓட்டையில் வெளியே போன கேள்வி அந்த ஓட்டையில் உள்ளே வந்து நிற்கும். புதுக் கேள்வி போலிருக்கிறது என்று பெட்டி மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். அது மறுபடி சுற்றி வரும். ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, கேட்ட கேள்வியே பாதையெல்லாம் நிரம்பிவிடும். உண்மையாகப் பேச வந்தவனுக்கு இடமே இருக்காது. வைத்தியம் ரொம்பச் சுலபம். ஒரு முனையைப் பிடுங்கினால் போதும்.

கடைசியில் நீ மேசைக்கடியில் குனிந்து பார்த்தாய், பிடுங்கினாய், எல்லாம் ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். எழுந்து நின்று கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், "மோட்டாருக்குக் காயில் கட்டுறவருக்கு இங்க என்ன வேலை? தெரியாத விஷயத்துல எதுக்குக் கை வைக்கிறீங்க? இனிமே இந்தக் கடைக்குள்ள வராதீங்க" என்றாய். அந்தக் கடை அவர் காயில் கட்டிய காசில் வாங்கியது என்பதைக்கூட விடு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அந்த மாடிப்படியில் அவர் கால் வைக்கவில்லை. நீயும் அவரிடம் பேசவில்லை, அவரும் உன்னிடம் பேசவில்லை. நீ பதில் போட்டாய், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, வேலை கிடைத்தது, இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாய். எதற்காகப் பேசவில்லை என்று இப்போது கேட்டால் உன்னால் சொல்ல முடியுமா? ஒன்றுமே நஷ்டமாகாத ஒரு விஷயத்துக்கு இவ்வளவு பெரிய சண்டையை என் குடும்பத்தைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

உன் அப்பா ஒன்றும் சாது இல்லை. வீட்டில் நான் கேட்கிற திட்டுக்கு அளவில்லை. "அவன் பெரிய இஞ்சினியரு, நம்மகிட்ட எதுக்குப் பேசுவான்?" என்று ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும் வரை நிறுத்த மாட்டார். பிடிவாதத்தில் நீ அவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறாய். அவரிடமும் நான் இதையெல்லாம் சொல்லிவிட்டேன், உனக்கு மட்டும் மண்டகப்படி என்று நினைத்துக்கொள்ளாதே.

அன்றிலிருந்து நடுப்பெட்டி நான். "அம்மா, அப்பா மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரான்னு கேளு." கேட்கிறேன். "அவனை வண்டியில போகும்போது ஹெல்மெட்டு போடச் சொல்லு." சொல்கிறேன். போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது என்ன நடந்தது? இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். "அம்மா, அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வேணுமான்னு கேளு" என்கிறாய். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறார். நான் அடுக்களையிலிருந்து வந்து கேட்க வேண்டும், அவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும், நான் உனக்குச் சொல்ல வேண்டும், நீ கறியை எடுத்து என்னிடம் கொடுக்க, நான் அவருக்கு வைக்க வேண்டும். எந்த மடையன் இப்படி ஒரு நெட்வொர்க் போடுவான்? உன் கம்பெனியில் ஒருவன் இப்படி வரைந்து கொண்டுவந்தால் அவனை வேலையில் வைத்திருப்பாயா?

இன்னொன்றும் தெரிந்துகொள். நல்ல கேபிள் வந்ததை வந்தபடி கொண்டுபோய்க் கொடுக்கும். நான் கொடுக்கவில்லை. நீ "அவருக்கு என்னமோ சொல்லிக்க" என்று சொன்னதையெல்லாம் நான் "அப்பா உடம்பப் பாத்துக்கச் சொன்னான்" என்று மாற்றித்தான் கொடுத்தேன். அவர் "பொங்கலுக்கு வந்தா வாறான், வராட்டி போறான்" என்றதை "அப்பா உன்ன ரொம்பத் தேடுறாரு" என்று அனுப்பினேன். இதற்காக நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. உள்ளதை உள்ளபடி கொடுத்திருந்தால் உங்கள் இருவர் சண்டையும் ஊர் சிரிக்கிற மாதிரி ஆகியிருக்கும். ஆனால் பார், நீ இத்தனை நாள் உன் அப்பா என்று நினைத்துக்கொண்டிருப்பது பாதி நான் எழுதிக் கொடுத்த வசனம். அவருக்கும் அப்படித்தான். இரண்டு பேருமே நிஜமான ஆளோடு பேசவில்லை.

ஆனால் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நான் மாற்றாமல் அப்படியே சொல்கிறேன். நீ நிலக்கோட்டையில் பெண் வீட்டில் மாப்பிள்ளைக் கோலத்தில் உள்ளே சிநேகிதர்களோடு இருந்தாய். வெளியே பந்தலில் உன் மாமனார், பூ வியாபாரத்தில் ஊறியவர், உன் அப்பாவிடம், "சம்பந்தி, மாப்ள நெட்வொர்க்குங்கிறாக. அது என்னா வேலை? நானும் யார் யார்கிட்டயோ கேட்டுட்டேன், ஒருத்தனும் வெளங்குற மாதிரி சொல்லல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பாவே பேசினார். "ஊர் ஊரா கம்ப்யூட்டர் இருக்குல்ல, அது ஒண்ணோட ஒண்ணு பேசணும். எல்லாத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு. மொதல்ல இது அதப் பாத்து, 'இருக்கியா'ன்னு கேக்கும். அது 'இருக்கேன்'னு சொல்லும். சொன்னாத்தான் மத்த வேலை. பதில் வரலன்னா எங்கயோ கம்பி அந்துபோச்சுன்னு அர்த்தம். எங்க அந்துச்சுன்னு கண்டுபிடிச்சு ஒட்ட வைக்கிறது எம்மகன் வேலை" என்றார். உங்கள் தொழிலில் பிங் என்கிறீர்களே, அதைத்தான் சொன்னார். என்றைக்கோ நான் வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்து வைத்திருந்திருக்கிறார். உன் மாமனார் அசந்துபோய், "அப்ப அப்பனும் மகனும் தெனமும் இதப் பத்தித்தான் பேசுவீக போல" என்றார். உன் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் காபி கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். உள்ளே போய் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இதையெல்லாம்கூட இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் செய்தது போன வெள்ளிக்கிழமை. அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று உனக்குப் பார்த்திருக்கிற பெண் எனக்குப் போன் செய்தாள். நல்ல பெண், மரியாதை தெரிந்த பெண். "அத்தை, மாமாவ முகூர்த்தத்துக்கு மொத நாளே மண்டபத்துக்கு வந்துரச் சொல்லி அவர் சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லி மாமாகிட்டச் சொல்லச் சொன்னாரு" என்றாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. கழுத்தில் தாலி ஏறவில்லை, அதற்குள் அவளையும் இதில் சொருகிவிட்டாயா? நீ அவளிடம், அவள் என்னிடம், நான் அவரிடம். எனக்குப் பிறகு இந்த வேலைக்கு அவள் என்று இப்போதே பழக்குகிறாய். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அதனோடும் உனக்கு ஏதாவது மனக்கசப்பு வந்தால், அவள் என்னைப் போலவே அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடக்க வேண்டும். அதற்கா அவளை அவ்வளவு அருமையாக வளர்த்துக் கொடுக்கிறார்கள்? உன் கல்யாணத்துக்கு நான் சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான். அவளிடம் அன்பாக இரு, சிக்கனமாக இரு என்றெல்லாம் மண்டபத்தில் ஆயிரம் பேர் சொல்வார்கள். நான் சொல்வது, உன் பேச்சை நீயே பேசு.

பழக்க தோஷத்தில் அவள் சொன்னதை அவரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "கல்யாணம் யாருக்கு? அவனுக்கு. கூப்பிட வேண்டியது யாரு? அவன். ஊருக்கே பத்திரிகை குடுக்குறான், என்னை மட்டும் ஒருத்தி சொல்லி இன்னொருத்தி சொல்லி நான் வரணுமா? நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா? ஒரு வார்த்தை, 'வாங்கப்பா'ன்னு அவன் வாயால சொல்லட்டும், வாரேன். இல்லன்னா நான் வரல" என்றார். அதைத்தான் நேற்று உன்னிடம் சொன்னேன். அதற்குத்தான் நீ பெரியப்பாவைக் கண்டுபிடித்தாய்.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வராத மண்டபத்துக்கு நான் வர மாட்டேன். இது மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள். உன் மாமனார் வீட்டில் என்ன சொல்லுவது, யார் சமாளிப்பது என்பதெல்லாம் உன் பாடு, அதையும் என்னிடம் சொல்லி அனுப்பாதே. மன்னிப்புக் கேள் என்று உன்னிடம் சொல்லவில்லை, அவரும் அதைக் கேட்கவில்லை. பழைய கதையைப் பேசித் தீர்க்கவும் வேண்டாம். நீ வேலை பார்க்கிற இடத்தில் பதில் வராத மெஷினுக்கு அடுத்த நிமிஷமே மறுபடி "இருக்கியா" என்று அனுப்புகிறாய், பதில் வரும் வரை விடாமல் அனுப்புகிறாய், அதற்காக உனக்கு மானம் போய்விடுவதில்லை. அப்பாவுக்கு ஒரு தரம் அனுப்பினால் மட்டும் போய்விடுமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கன்னிவாடிக்கு என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். என் செல்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன். வீட்டுப் போன் கூடத்தில் இருக்கும், உன் அப்பா மட்டும் இருப்பார். உனக்கு ஒரு விஷயம் தெரியாது. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் போனை முதலில் எடுப்பவர் அவர்தான். உன் போன் வருகிற நேரத்துக்குப் பட்டறைக்குக்கூடப் போகாமல் பேப்பரை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் எடுப்பார், நீ "அம்மா" என்று ஆரம்பிப்பதைக் கேட்பார், அப்படியே என்னிடம் நீட்டிவிடுவார். நீட்டிவிட்டு எழுந்து போக மாட்டார். நீ பேசி முடிக்கும் வரை அந்தப் பேப்பரில் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார். நீட்டுவதற்குத் திரும்புவார், நான் இருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

உன் அம்மா